சாயங்காலம் மட்டும் மூடாத கராஜ் கதவு: ஒரு நிகழ்வு ஆய்வு

டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வடக்கே ஒரு புறநகரில் எங்கள் வீடு. இரண்டு கார் நிற்கிற கராஜ், 16 அடி அகலத்தில் ஒரே இரும்புக் கதவு, வாசல் தெற்குப் பார்த்தது. போன செப்டம்பர் கடைசி வாரத்தில் அந்தக் கதவு மூட மறுக்க ஆரம்பித்தது.

ரிமோட்டை அழுத்தினால் நாலு விரற்கடை இறங்கும். நிற்கும். மறுபடி மேலே போய்விடும். கூரையில் தொங்கும் மோட்டார் பெட்டியின் விளக்கு பத்து முறை மின்னி அடங்கும். திறப்பதில் ஒரு தொல்லையும் இல்லை, மூடுவதில்தான் அடம். அதுவும் எல்லா நேரத்திலும் இல்லை. காலையில் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது ஒழுங்காக மூடும். சாயங்காலம் வேலை முடிந்து வந்து காரை நிறுத்தினால் மூடாது. ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் அழுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல மூடிக்கொள்ளும்.

இதைத் தீர்க்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. இரண்டு நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. எங்கே தடம் மாறினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கோளாறு வருகிற வீடுகளில் பெரும்பாலும் இதே தவறுகள்தான் நடக்கின்றன.

கதவின் இரண்டு கண்கள்

இந்த வகைக் கதவைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கதவு நாலைந்து பலகைகளாகப் பிரிந்து, இரண்டு பக்கத் தண்டவாளத்தில் ஏறிக் கூரைக்கடியில் படுத்துக்கொள்ளும். எங்கள் அளவுக் கதவு நல்ல கனம். மேலே இருக்கிற பெரிய ஸ்பிரிங்தான் அந்த எடையைத் தாங்குகிறது, மோட்டார் வெறுமனே இழுத்துக் கொடுக்கிறது.

வாசலின் இரண்டு பக்கமும், தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகாத உயரத்தில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய இரண்டு கறுப்புப் பெட்டிகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும். எதிரே இருப்பது அதை வாங்கும். கதவு இறங்கும்போது அந்த ஒளிக் கோட்டைக் குழந்தையோ நாயோ காரின் டயரோ மறித்தால், வாங்கும் கண் இருட்டாகும், மோட்டார் உடனே கதவைத் திருப்பி மேலே ஏற்றிவிடும். ஆறு அங்குலம் என்ற கணக்கு சும்மா வைத்ததில்லை. தரையில் தவழ்கிற பிள்ளையும் கீழே விழுந்து கிடக்கிற பெரியவரும் அந்தக் கோட்டில் படவேண்டும்.

இந்தக் கண்கள் வந்ததற்குப் பின்னால் வருத்தமான ஒரு கதை உண்டு. 1980களில் அமெரிக்காவில் தானாக இறங்கும் கராஜ் கதவுகளுக்கு அடியில் சிக்கிப் பல குழந்தைகள் இறந்தார்கள். கதவு எதன்மீதாவது இடித்தால் திரும்பும் வசதி அப்போதே இருந்தது, ஆனால் அது மட்டும் போதவில்லை. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு கராஜ் மோட்டார்கள் எல்லாவற்றிலும், இடித்தால் திரும்புவதோடு, ஒளிக்கண் போல இரண்டாவதாக ஒரு காவலும் இருந்தாக வேண்டும். அதனால்தான் கண் வேலை செய்யவில்லை என்றால் ரிமோட்டை அழுத்தினாலும் மோட்டார் கதவை மூடவே மூடாது. சந்தேகம் வந்தால் திறந்தே இரு, அதுதான் அதற்கு இடப்பட்ட கட்டளை. இதைச் சரியாக உள்வாங்கிக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. கதவு மக்கர் செய்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கதவோ தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்துகொண்டிருந்தது.

நான் செய்த முதல் தவறு

சுவரில் இருக்கிற ஸ்விட்சைக் கதவு தரையைத் தொடும்வரை விடாமல் அழுத்திப் பிடித்தால், கண் பழுதாக இருந்தாலும் கதவு மூடும். பக்கத்திலேயே ஒருவர் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில் வைத்த வசதி அது. மூன்றாவது நாளே இதைக் கண்டுபிடித்துவிட்டோம். அப்புறம் இரண்டு வாரம் அப்படியே ஓட்டினோம். வேலைக் களைப்பில் சாயங்காலம் வந்து, ஸ்விட்சில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, மறுகையில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்த வருஷம் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். கராஜ் வாயிலில் வெயில் நன்றாக விழும் என்பதால் அங்கேதான் மோர் மிளகாய் காயவைப்பார். ஒருநாள் சாயங்காலம் நான் ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, தட்டை எடுக்க அம்மா வெளிப்பக்கமிருந்து குனிந்து உள்ளே வந்துவிட்டார். கதவு அவர் தோளுக்கு மேலே ஒரு முழத்தில் இருந்தது. கையை எடுத்தேன், கதவு திரும்பி மேலே ஏறியது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து, கோளாறு தீரும்வரை கதவைச் சாயங்காலத்தில் திறந்தே வைப்பது, ராத்திரி ரிமோட்டில் ஒழுங்காக மூடும்போது மூடுவது என்று முடிவெடுத்தோம்.

சிலர் இதைவிடவும் மோசமான ஒன்றைச் செய்கிறார்கள். இரண்டு கண்களையும் கழற்றி, மேலே மோட்டார் பெட்டிக்குப் பக்கத்தில் நேருக்கு நேராக டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். ஒளி எப்போதும் போய்க்கொண்டிருக்கும், கதவும் எப்போதும் மூடும். கீழே யார் இருந்தாலும் மூடும். பழைய வீடு வாங்குகிறவர்கள் முதல் நாளே கண்கள் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

தப்பான தடங்கள்

என் முதல் சந்தேகம் பல்பின்மேல். ஒரு மாதம் முன்னால் மோட்டார் பெட்டியில் எல்இடி பல்பு மாட்டியிருந்தேன். மலிவான எல்இடி பல்புகள் ரேடியோ இரைச்சலைக் கிளப்பி ரிமோட்டின் எட்டும் தூரத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். பல்பைக் கழற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. கொஞ்சம் யோசித்திருந்தால் கழற்றவே வேண்டியிருந்திருக்காது. பல்பு கெடுப்பது ரேடியோவை. சுவர் ஸ்விட்சுக்கு ரேடியோவே கிடையாது, அது வயரில் போகிறது. ஸ்விட்சை ஒருமுறை தட்டினாலும் கதவு மூடவில்லை என்னும்போதே ரிமோட், பல்பு இரண்டும் வழக்கிலிருந்து விடுபட்டிருக்க வேண்டும்.

அடுத்து ஸ்பிரிங், தண்டவாளம், எண்ணெய் போடாத உருளை என்று யோசனை போனது. இதுவும் வீண். எடை தூக்குகிற பாகங்களில் கோளாறு என்றால் திறக்கும்போதும் திணறும். எங்கள் கதவு பஞ்சு மாதிரி மேலே போனது. கீழே தரையைத் தொட்டபின் திரும்பி ஏறினால் அது அழுத்த அளவு, இறங்கும் எல்லை சம்பந்தப்பட்டது. எங்கள் கதவு அவ்வளவு தூரம் போகவே இல்லை, கிளம்பியவுடன் திரும்பிவிட்டது. விளக்கு வேறு பத்து முறை மின்னி, கண்ணைப் பார் என்று தெளிவாகவே சொன்னது. அந்த மின்னலுக்கு அர்த்தம் இருக்கிறது என்பதையே கையேட்டைத் தேடி எடுத்துப் படித்தபின்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, கண்தான் என்று முடிவானது. லென்ஸ்களைத் துடைத்தேன். ஒன்றில் சிலந்தி கூடு கட்டியிருந்தது, அதை எடுத்தேன். ஒரு கண்ணின் தாங்கி சற்றுத் தொய்ந்திருந்தது, திருகை இறுக்கினேன். அன்று ராத்திரி கதவு அழகாக மூடியது. தீர்ந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது ராத்திரியில் எப்போதுமே மூடுகிற கதவு என்பது அந்த மகிழ்ச்சியில் மறந்துபோனது. மறுநாள் சாயங்காலம் பழைய கதை.

அப்போது ஒரு பழுதுபார்க்கும் நிறுவனத்தை அழைத்தேன். போனிலேயே, மோட்டாரின் சர்க்யூட் போர்டு போயிருக்கும், முழுசாக மாற்றிவிடலாம் என்றார்கள். மனம் ஒப்பவில்லை. போர்டு போயிருந்தால் அது ஏன் காலையில் பிழைத்துக்கொள்கிறது? ஆனால் அந்தக் கேள்வியை இறுக்கிப் பிடிக்காமல், நாற்பது டாலர் கொடுத்துப் புதுக் கண் ஜோடி வாங்கி மாட்டினேன். புதுக் கண்களும் சாயங்காலம் கதவை மூடவிடவில்லை. பழையவற்றை எறியாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

குறிப்பேடும் அம்மாவும்

பழுது நேரத்துக்கு நேரம் மாறுகிறது என்றால் முதலில் நேரத்தைத்தான் எழுத வேண்டும். வேலையில் கணினிக் கோளாறுகளுக்கு இதை நான் தினமும் செய்கிறேன், வீட்டுக் கதவுக்குச் செய்யத் தோன்றவில்லை. அக்டோபர் முதல் வாரத்திலிருந்து போனில் குறித்துவைத்தேன்: எத்தனை மணிக்கு மூடியது, எப்போது மூடவில்லை, இரண்டு கண்களிலும் விளக்கு எப்படி இருந்தது.

விளக்கு என்றேனே, அது முக்கியம். ஒவ்வொரு கண்ணிலும் சின்ன எல்இடி உண்டு. எங்கள் வகையில் அனுப்பும் கண்ணில் மஞ்சள், வாங்கும் கண்ணில் பச்சை. சில தயாரிப்புகளில் அனுப்பும் கண்ணில் சிவப்பு. அனுப்பும் கண்ணுக்கு மின்சாரம் வந்தால் போதும், அதன் விளக்கு எரியும். வாங்கும் கண்ணின் விளக்கோ ஒளி சரியாக வந்து விழுந்தால்தான் நின்று எரியும். கோணம் தப்பினால் மினுக்கும், எதுவும் மறித்தால் அணையும். இரண்டும் சேர்ந்து அணைந்தால் கண்ணில் குறை தேடுவதைவிட்டு வயரைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

குறிப்பில் இரண்டு விஷயம் தெரிந்தது. மஞ்சள் எப்போதும் எரிந்தது, பச்சை மட்டும் சாயங்காலம் அணைந்தது. இன்னொன்று, அணைய ஆரம்பிக்கும் நேரம் நகர்ந்துகொண்டே வந்தது. முதலில் 6:40 வாக்கில், பத்து நாள் கழித்து 6:25க்கு, அப்புறம் இன்னும் முன்னால். எதுவோ நாளுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் முந்திக்கொண்டிருந்தது.

பொருள் அப்போதும் விளங்கவில்லை. ஒருநாள் நான் தரையில் உட்கார்ந்து பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா மிளகாய்த் தட்டை நகர்த்திக்கொண்டே சொன்னார்:

“தம்பி, நான் வந்த புதுசுல சாயங்காலம் இந்தச் சுவரோரம் நிழலாத்தான் இருக்கும். அஞ்சு மணிக்கே தட்டை எடுத்துருவேன். இப்பப் பாரு, பொழுது சாயறப்போ வெயில் நேரா உள்ள நுழையுது. அது உள்ள வர்ற நேரத்துலதான் உன் கதவும் மூட மாட்டேங்குது.”

ஆகஸ்டிலிருந்து தினமும் வெயிலைத் தொடர்ந்து தட்டை நகர்த்தியவர் அவர். அந்த வாயிலில் நிழல் எந்தப் பக்கம் எவ்வளவு விழுகிறது என்று வீட்டில் வேறு யாருக்கும் அப்படித் தெரியாது. நான் பச்சை விளக்கு இருந்த பக்கத்தைப் பார்த்தேன். வாங்கும் கண் கிழக்கு நிலையில் இருந்தது. அது மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாழ்ந்த சூரியன் நேராக அதன் லென்ஸுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் கடைசியில் ஏன் தொடங்கியது

இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கோடையில் சூரியன் வடமேற்கில் மறைகிறது. எங்கள் வாசல் தெற்குப் பார்த்தது என்பதால், அது தாழ்ந்து வரும் நேரத்தில் வீட்டுக்குப் பின்பக்கம் போய்விடும். கராஜ் வாயில் முழுக்க நிழல். செப்டம்பர் 22, 23 வாக்கில் சூரியன் சரியாக மேற்கில் மறைகிறது. அதன்பின் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே விலகும். அப்போதுதான் வாயிலுக்கு முன்பக்கமாக, சுவரை ஒட்டிச் சாய்ந்தாற்போல ஒளி உள்ளே வருகிறது. இரண்டு கண்களுக்கு நடுவே ஓடும் கோடும் கிழக்கு மேற்கு, சூரியனும் அதே கோட்டில் வந்து நிற்கிறது. எங்கள் மனை தெருமுனையில் இருப்பதால் மேற்கே மறைக்க எதுவும் இல்லை, வெட்டவெளி.

சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு ஏராளம். எதிர்க் கண் அனுப்புவது ஒரு மெல்லிய துடிப்பு. கல்யாண வீட்டு மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது கேட்காதது போல, வாங்கும் கண்ணுக்கு அந்தத் துடிப்பு தெரியாமல் போகிறது. புதுக் கண் மாட்டினாலும் இதேதான் நடக்கும்.

டிசம்பர் வாக்கில் சூரியன் இன்னும் தெற்கே போய்விட்டால் கோணம் விலகிக் கோளாறு தானாகக் குறையும். அப்போது பலர் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் சூரியன் அதே பாதையில் திரும்பி வரும்போது மறுபடி தொடங்கும்.

நிரூபிக்க ஒரு நிமிஷம் போதும். பச்சை விளக்கு அணைந்திருக்கும்போது, ஒளிக் கோட்டை மறிக்காமல், கண்ணுக்கு வெளிப்பக்கமாக உள்ளங்கையைப் பிடித்து லென்ஸின்மேல் நிழல் விழச் செய்தேன். பச்சை எரிந்தது. கையை எடுத்தேன், அணைந்தது. அஞ்சாறு முறை செய்து பார்த்தேன். மகள் ஓடிவந்து தானும் செய்து பார்த்தாள்.

தற்காலிகமாக, சமையலறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாயை நாலு அங்குலம் வெட்டி, உள்ளே கறுப்பு டேப் ஒட்டி, வாங்கும் கண்ணுக்குக் குல்லாயாக மாட்டினேன். எதிர்க்கண் தெரியும், பக்கவாட்டு வெயில் தெரியாது. பெரும்பாலான நாள் வேலை செய்தது. ஆனால் சூரியன் கோட்டுக்கு ரொம்ப நெருங்கி நின்ற நேரத்தில் குழாயும் உதவவில்லை.

நிரந்தரத் தீர்வு, இரண்டு கண்களையும் இடம் மாற்றுவது. வாங்குவதை மேற்கு நிலைக்குக் கொண்டுபோனால் அது கிழக்கைப் பார்க்கும், சாயங்கால வெயில் அதன் முதுகில் விழும். எங்கள் வகையில் இரண்டு கண்களும் மோட்டாரில் ஒரே இரண்டு முனைகளில்தான் சேர்கின்றன. வெள்ளை வயரோடு வெள்ளை, கறுப்புக் கோடு போட்டதோடு கறுப்புக் கோடு போட்டது என்று நிறம் மாறாமல் இணைத்தால் போதும். மோட்டாரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் வயரில் கைவைத்தேன்.

ஆனால் செய்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்கில் நடப்பது காலையில் கிழக்கிலும் நடக்கும். கிழக்கே திறந்த வெளி என்றால், சாயங்காலத் தொல்லையைக் காலைத் தொல்லையாக மாற்றி வைத்ததாகிவிடும். எங்களுக்குக் கிழக்கே பக்கத்து வீட்டுச் சுவர் நெருக்கமாக இருக்கிறது, தாழ்ந்த காலை வெயில் வாயிலுக்கு வரவே வராது. அதை இரண்டு காலை நின்று பார்த்து உறுதி செய்துகொண்டேன். கிழக்கும் மேற்கும் திறந்திருக்கும் வீட்டில், கண்ணைச் சற்று உள்ளே தள்ளி வைத்துக் குல்லாயும் போடுவதுதான் வழி.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை மாற்றினேன். அன்று சாயங்காலம் கதவு மூடியது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். பத்து நாள் தொடர்ந்து குறித்தேன், ஒருமுறைகூடத் தவறவில்லை.

மழை வந்தது

நவம்பர் முதல் வாரத்தில் ராத்திரி முழுக்கக் காற்றோடு மழை. காலையில் கதவு மூடவில்லை. வானம் கறுத்துக் கிடந்தது, வெயில் என்ற பேச்சே இல்லை.

உண்மையில் இது புதிதில்லை. குறிப்பேட்டைப் பின்னால் புரட்டினால் அக்டோபர் இரண்டாம் வாரத்தில், ஒரு மழை நாளில், மத்தியானம் இரண்டு மணிக்கு மூடவில்லை என்று நானே எழுதியிருந்தேன். பக்கத்தில் ‘இரண்டு விளக்கும் மங்கல்’ என்றும் எழுதியிருந்தேன். வெயில்தான் காரணம் என்ற முடிவு வந்தபின் அந்த வரி என் கண்ணில் படவில்லை. ஒரு காரணத்தை நிரூபித்துவிட்டால் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று மனசு அடைத்துவிடுகிறது.

அந்தக் காலையில் போய்ப் பார்த்தேன். மஞ்சளும் பச்சையும் சேர்ந்து மினுக்கி மினுக்கி அணைந்தன. வெயில் கோளாறில் மஞ்சள் ஒருநாளும் அசைந்ததில்லை. இது வேறு நோய். கண் வரைக்கும் மின்சாரமே ஒழுங்காக வந்து சேரவில்லை.

மல்டிமீட்டரை எடுத்து மோட்டார் பெட்டியின் முனைகளில் அளந்தேன். காய்ந்த நாளில் 5.7 வோல்ட் காட்டிய இடம், அன்று 2க்கும் கீழே இருந்தது. கண் வயர்களை முனையிலிருந்து கழற்றியதும் மறுபடி ஏறியது. அப்படியென்றால் போர்டு நல்லாத்தான் இருக்கிறது, வயரில் எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது. கண்களைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பக்க வயராகச் சேர்த்துப் பார்த்தேன். மேற்குப் பக்க வயரைச் சேர்த்தபோது குறையவில்லை. கிழக்குப் பக்கத்தைச் சேர்த்ததும் சரிந்தது.

அடுத்த சோதனை, மீட்டர் இல்லாதவர்களும் செய்யக்கூடியது. ஒரு துண்டு புது வயரை மோட்டாரிலிருந்து தரைவழியாகக் கிழக்குக் கண்ணுக்கு நேராக இழுத்து, சுவரில் ஓடும் பழைய வயரை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டு இணைத்தேன். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. கண்ணில் குறையில்லை, சுவர் வயரில்தான் என்பது உறுதியானது.

அப்புறம் டார்ச்சோடு வயரைத் தடவிக்கொண்டே போனேன். கிழக்கு நிலையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வயரை மரத்தோடு பிடிக்க அடித்த உலோக ஸ்டேப்பிள் ஒன்று வயரின் நடுவிலேயே இறங்கியிருந்தது. வீடு கட்டும்போது அடித்தது. பிடுங்கிப் பார்த்தால் ஸ்டேப்பிளின் ஒரு கால் உறையைக் கிழித்து இரண்டு கம்பிக்கும் இடையில் போயிருந்தது. செம்பில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. இத்தனை வருஷம் காய்ந்த நாளில் தாக்குப்பிடித்திருக்கிறது. கதவடியில் இருக்கும் ரப்பர் பட்டை ஓரத்தில் கிழிந்திருந்ததால், காற்றோடு வந்த மழை அந்த மூலையை நனைத்திருக்கிறது. ஈரம் பட்டதும் இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிட்டன.

களிம்பு ஏறிய இடத்துக்கு மேலும் கீழும் நல்ல செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை வெட்டினேன். இரண்டு முழம் புது வயர் சேர்த்து, ஈரம் புகாத ஜெல் நிரப்பிய கனெக்டரால் இணைத்தேன். ஓர் இணைப்பையாவது தரையிலிருந்து மூன்றடிக்கு மேலே வரும்படி பார்த்துக்கொண்டேன். மறுபடி பிடிக்க, பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்டேப்பிள்களைத் தட்டினேன், வயர் அதற்குள் அசைய இடம் விட்டு. கிழிந்த ரப்பரையும் மாற்றினேன். பின் தோட்டத்துக் குழாயைப் பிடித்து அந்த மூலையில் பத்து நிமிஷம் தண்ணீர் தெளித்தேன், மோட்டாரின் பிளக்கும் மேலிருக்கும் இணைப்புகளும் நனையாதபடி. இரண்டு விளக்கும் அசையவில்லை.

சரிசெய்தபின் சோதித்தது

விளக்கு எரிகிறது என்பதோடு விட்டுவிடக் கூடாது. கதவு உண்மையிலேயே திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் அட்டைப்பெட்டியை ஒளிக் கோட்டில் படும்படி வாசலில் வைத்து ரிமோட்டை அழுத்தினேன். கதவு மூடவில்லை. பெட்டியை எடுத்துவிட்டு, கதவு பாதி இறங்கும்போது ஒரு நீளத் துடைப்பக் கட்டையைக் கோட்டுக்குக் குறுக்கே நீட்டினேன். உடனே திரும்பியது. அப்புறம் இங்கே கட்டுமானத்தில் பயன்படுத்துகிற ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரச்சட்டத்தைக் கதவுக்கு நேர் கீழே படுக்கவைத்தேன். அது ஒளிக் கோட்டுக்குக் கீழே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கதவு அதை இடித்துத் திரும்ப வேண்டும். திரும்பியது. இந்தக் கடைசிச் சோதனை முக்கியம், ஏனென்றால் ஒளிக்கண் ஒரே ஒரு கோட்டை மட்டும்தான் பார்க்கிறது. உயரமான காரின் பின்பக்கம் கதவுக்கு நேர் கீழே நீட்டிக்கொண்டு நின்றால், டயர் கோட்டில் படாதவரை கண் அதை அறியாது. மாதம் ஒருமுறை எல்லாச் சோதனையையும் செய்கிறோம், மகள் தள்ளி நின்று எண்ணுவாள்.

நான் தொடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கதவுக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்கையும் அதன் கம்பி வடத்தையும் தொடவில்லை, தொடவும் மாட்டேன். முறுக்கேறிய அந்த ஸ்பிரிங் அவிழ்ந்தால் கை போகும், உயிரும் போகலாம். அதற்குத் தொழில் தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும். மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து விடுபடும், கையால் மூடலாம். ஆனால் கதவு மேலே இருக்கும்போது அதை இழுப்பது நல்லதல்ல. ஸ்பிரிங் உடைந்திருந்தால் முழு எடையும் அப்படியே விழும்.

அம்மா டிசம்பரில் ஊருக்குப் போனார். மார்ச் இரண்டாவது வாரத்தில் சூரியன் திரும்பி அந்த இடத்துக்கு வந்தது. ஏழு மணி வாக்கில் கராஜ் தரையில் வெயில் நீளமாக உள்ளே வந்திருந்தது. வாங்கும் கண் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கு நிலையில் இருந்தது, பச்சை அசையவில்லை. ரிமோட்டை அழுத்தி, கதவு தரையைத் தொடும்வரை நின்று பார்த்தேன். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் போன் செய்தவர், “இப்ப மூடுதா தம்பி? சரி, மிளகாயை டப்பால போட்டு இறுக்கி வச்சிருக்கியா?” என்று கேட்டார்.